சனிக்கிழமை வகுப்புக்கும் வாருங்கள்

பெல்லி டான்ஸ் பயிற்சிப் பட்டறைக்குப் பெயர் கொடுத்திருக்கும் தோழியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழியரே,

நாம் போகும் பட்டறைகள் பெரும்பாலும் இரண்டு நாளாகப் பிரிந்திருக்கும். சனிக்கிழமை நாட்டுப்புற ஆட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை கேபரே. முதல் நாள் கையில் தடி, கணுக்கால்வரை இறங்கும் அங்கி, இடுப்பில் இறுகக் கட்டிய துண்டு. மறுநாள் மணியும் ஜரிகையும் தைத்த இடுப்புப்பட்டை, காற்றில் விரியும் மெல்லிய துணி, வயலின்கள் நிறைந்த பெரிய வாத்தியக் குழுவின் இசை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு சீக்கிரம் நிரம்பிவிடும். சனிக்கிழமையில் இடம் மிஞ்சும். "முதல் நாளை விட்டுவிட்டு வரலாமா, கட்டணத்தில் குறைப்பீர்களா?" என்று ஒவ்வொரு முறையும் சிலர் கேட்பார்கள். இன்னொரு பக்கம், "வீட்டில் சொல்ல முடியாது, நாட்டுப்புறம் மட்டும் போதும், கேபரே வேண்டாம்" என்று ஞாயிறை ஒதுக்குகிறவர்களும் உண்டு.

இரு தரப்பாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டு நாளும் வாருங்கள். இந்தக் கலையில் நாட்டுப்புறமும் கேபரேயும் ஒன்றின் உடம்பில் ஒன்று ஓடுகிற ரத்தம். ஒன்றை மட்டும் கற்றவருக்கு அந்த ஒன்றும் முழுதாகக் கிடைப்பதில்லை. எகிப்தை வைத்தே இதைச் சொல்கிறேன். நம் வகுப்புகளில் கற்றுத்தருவதில் பெரும்பங்கு அங்கிருந்து வந்ததுதான்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை இசையைக் கேளுங்கள். கேபரே மேடைக்கென்று அமைத்த நுழைவு இசையில் தாளம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வேகமான ஒரு பகுதியில் ஆடுபவர் மேடையைச் சுற்றி வருவார். பிறகு வயலினோ, நாய் என்ற நாணல் குழலோ, கானூன் என்ற தந்தி வாத்தியமோ தனித்து இழையும், இடுப்பும் கையும் அதோடு இழையும். திடீரென்று இசையின் முகம் மாறும். சீவாளி வைத்து ஊதும் மிஸ்மார் கிறீச்சென்று எழும், பெரிய மேளம் தரையை அதிரவைக்கும். அது சயீத், தெற்கு எகிப்தின் கிராமத்து ஓசை. எகிப்தியப் பார்வையாளர்கள் அதைக் கேட்ட கணமே கைதட்டத் தொடங்குவார்கள். அந்த இடத்தில் கால் எப்படி மாற வேண்டும், மார்பு எப்படி நிமிர வேண்டும், முகத்தில் என்ன செருக்கு வர வேண்டும் என்பதெல்லாம் சனிக்கிழமை சொல்லித்தருவது. அதைக் கேட்காமல் வருபவர், இசை கிராமத்துக்குப் போய்விட்ட பிறகும் ஹோட்டல் மேடையிலேயே நின்று கையை அலைத்துக்கொண்டிருப்பார்.

தாளத்தில் இருக்கும் வேறுபாடு சின்னதுதான். மக்ஸூம் என்ற நகரத்துத் தாளம் 'தும் தெக், தெக் தும், தெக்' என்று போகும். சயீதி 'தும் தெக், தும் தும், தெக்' என்று போகும். இரண்டும் நான்கு எண்ணிக்கை. சயீதியின் நடுவில் கனமான அடி இரண்டு சேர்ந்து விழுகிறது, அவ்வளவே. அந்த இரண்டு 'தும்' உடம்பின் எடையைக் கீழே இறக்குகிறது. கால் தரையைக் கேட்கிறது. இந்த வித்தியாசத்தைக் காதால் அறிந்துகொள்ள ஒரு மதியம் போதும். இடுப்பு அதைத் தானாக அறியப் பல மாதம் ஆகும். அந்த மதியத்தைத்தான் வேண்டாம் என்கிறீர்கள்.

தடியின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். சயீதில் ஆண்கள் ஆடுவது தஹ்தீப். சிலம்பம் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு அது உடனே பிடிபட்டுவிடும்: ஏறக்குறைய நான்கடிக் கம்பு, எதிரெதிரே இருவர், சுற்றி ஊர், மேளம். அடிப்பது போல வந்து அடிக்காமல் நிறுத்துவதில்தான் கெட்டிக்காரத்தனம். பழைய எகிப்தின் கல்லறைச் சுவர்களிலேயே கம்பு வீசும் ஆண்களின் உருவங்கள் இருக்கின்றன. 2016-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுக் கலைகள் பட்டியலில் தஹ்தீப்பைச் சேர்த்தது. பெண்கள் ஆடும் தடி ஆட்டம் இதைப் பார்த்துப் பிறந்தது. தடி மெலிந்தது, முனை வளைந்தது. ஆணின் போர் வீச்சை எடுத்து அதைச் சீண்டலாகவும் பெருமிதமாகவும் மாற்றிக்கொண்டார்கள். தடியைத் தலைமேல் சுழற்றுவதும் தோளில் சாய்ப்பதும் இடுப்பில் ஊன்றி அதிர்வதும் அந்த மாற்றத்தின் தடயங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரிந்து சுழற்றும்போது மணிக்கட்டில் ஒரு உறுதி வருகிறது. தெரியாமல் சுழற்றினால் கையில் ஒரு பொருள் சுற்றுகிறது, அதற்குமேல் எதுவும் நடப்பதில்லை.

அதே சமயம், சனிக்கிழமை வகுப்பில் நமக்குக் கிடைப்பது கிராமத்து முற்றத்தில் இருந்து அப்படியே பெயர்த்து எடுத்துவந்த ஆட்டம் என்றும் எண்ணிவிடாதீர்கள். நாம் கற்கும் எகிப்திய நாட்டுப்புற நடனத்தில் பெரும்பகுதி ஒரு மனிதரின் கண் வழியாக வந்தது. அவர் மஹ்மூத் ரெதா. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் எகிப்துக்காக ஜிம்னாஸ்டிக்ஸில் கலந்துகொண்டவர். 1959-ல் அண்ணன் அலி ரெதாவோடும் நடனமணி ஃபரீதா ஃபஹ்மியோடும் சேர்ந்து ரெதா குழுவைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் நடையையும் சைகையையும் உடையையும் தாளத்தையும் பார்த்துக்கொண்டார். பார்த்ததை அரங்குக்கென்று புதிதாக அமைத்தார். வரிசைகள், திருப்பங்கள், பாலேயின் நிமிர்வு, பெரிய வாத்தியக் குழு எல்லாம் அவர் சேர்த்தவை. அலி இஸ்மாயீல் இசையமைத்தார். தான் செய்வது கிராமத்து ஆட்டத்தின் நகல் அல்ல, அதிலிருந்து எழுந்த மேடைப் படைப்பு என்பதை ரெதா மறைத்ததே இல்லை. 2020-ல் இறந்த அவர், உலகெங்கும் பட்டறைகளில் கற்றுக்கொடுத்தவர்.

ஃபரீதா ஃபஹ்மியின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய தந்தை ஹசன் ஃபஹ்மி பல்கலைக்கழகப் பேராசிரியர். நடுத்தரக் குடும்பங்கள் நடனத்தைக் கண்டு முகம் திருப்பிய காலத்தில், மகளைத் தடுக்காமல் குழுவுக்கே துணையாக நின்றார். படித்த குடும்பத்துப் பெண் மேடையேறி ஆடலாம், மரியாதையோடு ஆடலாம் என்பதை எகிப்து ஃபரீதா வழியாகக் கண்டது. ஃபரீதா பின்னாளில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ரெதாவின் படைப்புமுறை பற்றியே ஆய்வு எழுதி முதுகலைப் பட்டம் பெற்றார். 'காலை நீட்டு, தோளை இறக்கு' என்று சனிக்கிழமை ஆசிரியை சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள்.

இனி, ஞாயிறை ஒதுக்குகிறவர்களுக்கு.

கேபரே என்றதும் நம்மில் பலர் மனத்தில் பழைய படங்களின் கிளப் டான்ஸ் வந்து நிற்கிறது: வில்லனின் மது விடுதி, சிவப்பு விளக்கு. கெய்ரோவின் கதை வேறு. பதியா மஸாப்னி என்ற பெண் 1926-ல் அந்த நகரத்தில் தன் பெயரிலேயே ஓர் அரங்கம் திறந்தார். பாட்டு, நாடகம், நகைச்சுவை, நடனம் எல்லாம் ஒரே இரவில் அங்கே நடந்தன. வீட்டு விசேஷங்களில் சின்ன இடத்தில், ஒரே இடத்தில் நின்று ஆடிய நடனம் அங்கே அகலமான மேடைக்கு ஏறியது. மேடை அகன்றதும் ஆடுபவர் நடக்க வேண்டியிருந்தது, சுற்ற வேண்டியிருந்தது, கைகளை விரிக்க வேண்டியிருந்தது. இன்று ரக்ஸ் ஷர்கி என்று நாம் கற்கும் வடிவத்துக்கு அந்த மேடை ஒரு முக்கியமான தொட்டில். அதை நடத்தியவரும் வளர்த்தவரும் ஒரு பெண் முதலாளி என்பதை மறக்காதீர்கள்.

அவரிடமிருந்து வந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள். தஹியா கரியோக்கா, ஸாமியா கமால். இருவரும் எகிப்திய சினிமாவின் நட்சத்திரங்கள் ஆனார்கள். ஸாமியா, பாடகர் ஃபரீத் அல் அத்ரஷோடு நடித்த 'அஃப்ரீதா ஹானிம்' 1949-ல் வந்தது. தஹியாவைப் பள்ளிப் பருவத்தில் மேடையில் பார்த்த எழுத்தாளர் எட்வர்ட் ஸைத், 1990-ல் அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். எவ்வளவு அசைந்தார் என்பதில் அல்ல, எவ்வளவு குறைவாக அசைந்தார் என்பதில்தான் ஸைத் அவருடைய கலையைக் கண்டார். கேபரே வகுப்பில் வேகத்துக்கு ஏங்கும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைக்க வேண்டும். சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்த நயீமா ஆகிஃப், பாடகி உம் குல்தூமின் பாடல்களுக்கு ஆடிப் பெயர்பெற்ற ஸுஹைர் ஸக்கி, முகம்மது அப்துல் வஹாப் போன்ற பெரும் இசையமைப்பாளரே தனக்காக இசையமைக்கும் அளவுக்கு உயர்ந்த நக்வா ஃபுவாத் என்று இந்த வரிசை நீளும். இவர்களின் நடனத்தைக் குறைத்துப் பேசுவது அறியாமை.

இரு நாளுக்கும் நடுவே நாம் போட்டிருக்கும் கோட்டை இவர்கள் யாரும் மதிக்கவில்லை. கேபரே மேடையின் பெரும் நட்சத்திரம் தீனா, ரெதா குழுவில் ஆடத் தொடங்கியவர். ரக்கியா ஹசனும் ரெதா குழுவிலிருந்து வந்தவர்தான். பிறகு கேபரே கலைஞர்களுக்கே ஆசிரியை ஆனார். 2000-ல் கெய்ரோவில் 'அஹ்லன் வ ஸஹ்லன்' விழாவைத் தொடங்கி, உலகின் பல மூலைகளிலிருந்து மாணவிகளை அங்கே வரவழைத்தார். ஃபீஃபி அப்துவைப் பாருங்கள். பளபளப்பான மேடையில் கலாபியா என்ற நீண்ட வெள்ளை அங்கி அணிந்து, தெருவோரப் பெண்ணின் தெனாவட்டோடு அவர் ஆடும் பலதி என்ற நாட்டார் பாணி எந்த நாள் வகுப்பில் சேரும்? சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா? கெய்ரோவின் மேடையில் அது ஒரே இரவின் ஒரு பகுதி.

இந்த ஆட்டத்தை நமக்குக் கொடுத்தவர்கள் இதற்காகக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். 1834-ல் எகிப்தை ஆண்ட முகம்மது அலி, பெண்கள் பொது இடத்தில் தொழிலாக ஆடுவதைக் கெய்ரோவில் தடைசெய்தார். கவாஸி என்று அழைக்கப்பட்ட ஆட்டக்காரக் குடும்பங்கள் தெற்கே கெனா, எஸ்னா, லக்ஸர் பக்கம் துரத்தப்பட்டன. 1850-ல் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் எஸ்னாவில் குச்சுக் ஹானிம் என்ற ஆட்டக்காரியைப் பார்த்தார். இன்று அந்தப் பெண்ணைப் பற்றி உலகுக்குத் தெரிந்ததெல்லாம், அவரைப் பார்க்க வந்த வெளிநாட்டு ஆண்கள் எழுதியவை மட்டுமே. அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் நமக்கு வந்துசேரவில்லை. லக்ஸரின் மாஸின் குடும்பத்துச் சகோதரிகள் அந்தக் கவாஸி மரபை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை கொண்டுவந்தார்கள். அவர்களில் கைரிய்யா மாஸின், தம்மைத் தேடி வந்த வெளிநாட்டு மாணவிகளுக்கும் கற்றுக்கொடுத்தவர். இடைவிடாமல் பக்கவாட்டில் அதிரும் இடுப்பு, விரல்களில் ஒலிக்கும் ஸகாத் தாளங்கள் என்று சனிக்கிழமை பயிலும் அந்த அடவுகள் வந்த வீடு அது.

தமிழ் பேசும் நாம் இதைக் கேட்டுவிட்டு எளிதாகக் கடந்துபோக முடியாது. 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் சதிர் ஆட்டம் புதுப் பெயரோடும் புது மரியாதையோடும் சபா மேடைகளுக்கு ஏறியது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களில் பல அந்த மேடைக்குக் கீழேயே நின்றுவிட்டன. ஆட்டம் வேண்டும், ஆடியவர்கள் வேண்டாம் என்று ஒரு சமூகம் நடந்துகொள்வது எப்படி இருக்கும் என்பதை நம் ஊரிலேயே கண்டிருக்கிறோம். எகிப்தில் இன்றும் கல்யாண வீட்டில் நடனக்காரி வேண்டும், மகளை நடனக்காரியாக்க மட்டும் மனம் வராது. 1950-களில் மேடையில் ஆடுபவர் வயிற்றை மூட வேண்டும் என்று விதி வந்தபோது, மெல்லிய வலைத்துணியைப் போட்டுக்கொண்டு அவர்கள் தொடர்ந்து ஆடினார்கள். அப்படி விடாமல் ஆடியவர்கள் இருந்ததால்தான் கடல் தாண்டி நமக்கு ஒரு வார இறுதி வகுப்பு கிடைக்கிறது. நாம் மற்றொரு முறை ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆடியவர்களை விட்டுவிட வேண்டாம்.

ஆகவே பட்டறைக்கு வரும்போது சிலவற்றைச் செய்யுங்கள்.

ஆசிரியை எந்த ஆட்டம் கற்றுக்கொடுத்தாலும், எந்த ஊருடையது, யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியைக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். கிராமத்தில் ஆடுவது எது, ரெதா மேடைக்கு அமைத்தது எது, ஆசிரியையே சேர்த்தது எது என்று மூன்றையும் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றுக்குமே மதிப்பு உண்டு. ஒன்றை மற்றொன்றாகச் சொல்வதுதான் தவறு.

நாட்டுப்புறம் என்ற ஒரே தலைப்பில் பல தேசங்கள் அடைபட்டிருக்கும். அவற்றைக் கலக்காதீர்கள். கலீஜி வளைகுடா நாட்டுப் பெண்களின் ஆட்டம். பூவேலை செய்த அகன்ற அங்கியைக் கையில் ஏந்தி, கூந்தலை வீசி ஆடுவார்கள். அதன் தாளமும் நடையும் எகிப்தைச் சேர்ந்தவை அல்ல. தப்கே லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்தான் மக்களுடையது. கைகோத்து வரிசையாக நின்று தரையை உதைத்து ஆடுவது. பாலஸ்தீன தப்கே 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. இன்று அதை ஆடுகிறவர்களுக்கு அது வெறும் கொண்டாட்டம் மட்டும் இல்லை என்பதை அறிந்து ஆடுங்கள். ஸார் என்பது ஆவிகளைத் தணிக்கப் பெண்கள் கூடிச் செய்யும் சடங்கு. தலையைச் சுழற்றும் அந்த அசைவு பார்க்க வேகமாக இருக்கிறது என்பதற்காக விருந்து நிகழ்ச்சியில் எடுத்துப் போடாதீர்கள்.

பாட்டின் பொருளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'இன்த்த உம்ரி'க்கு ஆடும் ஆசை எல்லாருக்கும் உண்டு. 1964-ல் உம் குல்தூமும் அப்துல் வஹாபும் முதன்முதலாகச் சேர்ந்த பாடல் அது. மேடையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீண்டது. காதலன் வருவதற்கு முன் கழிந்த வாழ்நாளையெல்லாம் வீணென்று கணக்கிடும் ஒரு பெண்ணின் குரல் அதில் இருக்கிறது. அதன் தொடக்க இசைக்குப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஆடினால், மொழி தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது என்ன நினைப்பார்? அபிநயம் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்கள் நாம். சொல்லுக்கு முகம் கொடுப்பது என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலைப் பூட்டி நிற்காதீர்கள். இடுப்பின் அதிர்வு தளர்ந்த முழங்காலிலிருந்தும் தொடையிலிருந்தும் வருகிறது. இடுப்பை மட்டும் முறுக்கினால் முதுகின் அடிப்பக்கம்தான் வலிக்கும். சனிக்கிழமை வகுப்பு இதற்கும் உதவும். சயீதியில் உடம்பின் எடை காலுக்கு இறங்கிப் பழகியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையின் நுனிக்கால் நடையும் சுழற்சியும் தடுமாறாமல் வரும்.

கடைசியாக, காணொலி. ஆசிரியையின் அனுமதி இல்லாமல் படம் பிடிக்காதீர்கள். பிடித்தாலும் பொதுவில் போடாதீர்கள். அவர் அமைத்த நடனம் அவருடைய பிழைப்பு. நீங்கள் பிறகு எங்காவது அதை ஆடினால் அவர் பெயரைச் சொல்லுங்கள். ரெதாவின் அமைப்பை ஆடினால் ரெதாவின் பெயரைச் சொல்லுங்கள். ஆடும் முன் அரை நிமிடம் போதும்: இது எந்த ஊர், யார் ஆடியது, யார் மேடையேற்றியது. நம் ஊரில் இந்த நடனத்தை இடுப்புக் குலுக்கல் என்று மட்டும் அறிந்த பார்வையாளர்களின் கண், அந்த அரை நிமிடத்தில் மாறத் தொடங்கும்.

உங்களில் சிலருக்கு வீட்டில் எதிர்ப்பு இருக்கும். சிலருக்கு உடல் எடை, வயது, பிரசவத் தழும்பு பற்றிய கூச்சம் இருக்கும். இந்த ஆட்டம் பிறந்த வீடுகளில் பாட்டியும் பேத்தியும் ஒரே கூடத்தில் ஆடுகிறார்கள். பருத்தவர், மெலிந்தவர் எல்லாரும் ஆடுகிறார்கள். தயங்காமல் வாருங்கள். வீட்டில் கேட்டால் நீங்கள் கற்கும் கலையின் வரலாற்றைச் சொல்லுங்கள். அதைச் சொல்லத் தெரிந்திருப்பதே உங்களுக்குப் பெரிய துணை.

பதிவுப் படிவத்தில் ஒரு நாளை மட்டும் குறித்திருந்தால், இன்றே ஒருங்கிணைப்பாளரை அழைத்து இரண்டு நாளாக மாற்றிக்கொள்ளுங்கள். பணம் இடித்தால் அதையும் அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வசதி உள்ளவர்கள் முடியாத ஒருவரின் சனிக்கிழமைக் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள். இடுப்பில் கட்ட ஒரு துண்டும், கையில் பிடிக்க ஒரு தடியும், எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்களோடு சேர்ந்து ஆடும் ஒருத்தி